பரிமளாவின் நூற்று நாற்பது கிலோமீட்டர்

மின்சார ஸ்கூட்டர் முன்னைப்போல் ஓடவில்லை என்றால் முதலில் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. நேராகப் பேட்டரியின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். காற்று இறங்கிய டயரில் ஓட்டினால் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் தானாகக் குறையும். அடுத்து, பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் பேட்டரியைத் தொட வேண்டும்.

நடந்ததை நடந்தபடி என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். பத்து வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். என் பெயர் சிங்காரவேலு, வயது நாற்பத்தொன்று. கீழப்பழுவூர் கடைத்தெருவில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு அங்கிருந்து தெற்கே எட்டுக் கிலோமீட்டரில் இருக்கும் சிற்றூரில். பதினெட்டு வருடமாகப் பேட்டரியோடுதான் என் பிழைப்பு. ஆகவே அந்தப் பகுதியில் தப்பு இருக்காது.

பரிமளா என் மனைவி. கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. ஊர் ஊராகப் போய், வீட்டோடு கிடக்கும் வயதானவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலையில் இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்தாள். விண்ணப்பத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இதைக் குறித்துக்கொள்ளவும். எங்கள் தெருவில் மனைவியை வேலைக்கு விடாத ஆண்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். பெயர் கேட்டால் சொல்கிறேன். நான் அந்த ரகம் இல்லை. 'போகாதே' என்ற வார்த்தையை இந்த ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் அவளிடம் சொன்னதில்லை. அவளைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

வேலைக்கென்று ஒரு பச்சை நிற மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். ஒரு சார்ஜில் எழுபது கிலோமீட்டர் போகும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போடலாம். சாயங்காலம் வந்ததும் இரண்டு கையாலும் அதைத் தூக்கி வந்து கூடத்தில் வைப்பாள். பிறகு கால் நீட்டி உட்கார்ந்து அன்றைய கதையைச் சொல்வாள்.

"கரைமேட்டுல ஒரு பெரியவரு இருக்காருங்க. நான் பிரஷர் பாக்க வர்றேன்னு தெரிஞ்சா பனமரத்துல ஏறிக்கிறாரு. கெஞ்சிக் கூத்தாடி எறக்கிப் பாத்தா நூத்தித் தொண்ணூறு. ஏறுனதால எகிறிச்சா, முன்னாடியே இருந்துச்சான்னு எப்படிங்க எழுதுறது?"

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் திருப்பிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. இன்வெர்ட்டர்கள் எதற்கும் பயந்து மரம் ஏறுவதில்லை.

அவள் சுற்றிய பாதையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாப் பக்கமும் சிமெண்ட் லாரி. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போகிற லாரி, மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிற லாரி. ஒரு லாரி கடந்து போனால் பின்னால் இருப்பவரின் புருவம் வெள்ளையாகிவிடும். அவள் வீடு வந்து சேரும் வரை எனக்குக் கையில் ஸ்குரூ டிரைவர் நிற்காது. ஆகவே இதன் தொடக்கம் லாரிதான். வேறு எதுவும் இல்லை.

பக்கத்து மாவட்டமும் சேர்ந்த வரைபடம் ஒன்று வாங்கிக் கடைச் சுவரில் ஒட்டினேன். எங்கள் ஊரில் காம்பஸ் முள்ளைக் குத்தி ஒரு வட்டம் போட்டேன். எழுபது என்றால் போக முப்பத்தைந்து, வர முப்பத்தைந்து. வட்டத்துக்குள் அரியலூர் இருந்தது, ரெட்டிபாளையம் இருந்தது, சிமெண்ட் ஆலைகள் எல்லாமே இருந்தன. ஒரு பெண் தனியாகச் சுற்றி வர அது பெரிய வட்டம். கொஞ்சம் சின்னதாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

பேட்டரி விஷயத்தைப் புரியும்படி சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் விரல் பருமனில் சின்னச் சின்ன செல்கள் இருக்கும். ஏழு செல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெல்லிய தகட்டால் இணைத்தால் ஒரு வரிசை. அப்படிப் பதினாறு வரிசை. ஏதாவது ஒரு வரிசை இளைத்துப்போனால் மீதிப் பதினைந்தும் எவ்வளவு திடமாக இருந்தாலும் பயனில்லை. இளைத்த வரிசை தீர்ந்ததும் உள்ளே பாதுகாப்புக்கு வைத்திருக்கும் போர்டு மொத்த வண்டியையும் நிறுத்திவிடும். ஆகவே ஒரே ஒரு வரிசையில் ஒரே ஒரு செல்லின் தகட்டை விலக்கினால் போதும். எழுபது அறுபதாகிவிடும். ஒரு தகட்டுக்குப் பத்துக் கிலோமீட்டர். மீட்டரில் காலையில் நூறு சதவீதம் என்றே காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவள் ஒரு மணி நேரம் கண் அயர்வாள். அந்த நேரத்தில் செய்தேன். வெட்டினால் வெட்டு வாய் தெரியும் என்பதால், தகட்டை மேலும் கீழுமாக மடக்கி மடக்கி, தானாக ஒடிந்ததுபோல் ஒடித்தேன். இரண்டு மாதத்தில் நான்கு தகடு. எழுபது முப்பதானது. வட்டம் கீழப்பழுவூரைத் தாண்டிக் கொஞ்சதூரம் போய் நின்றுகொண்டது. லாரி அதிகம் உள்ள பாதை எல்லாமே வெளியே போய்விட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதல்முறை வண்டி நின்றபோது அவள் ஒரு சோளக்கொல்லை ஓரத்தில் நின்று எனக்குப் போன் செய்தாள். வேகாத வெயில். நான் என் பெட்ரோல் பைக்கில் போனேன். எங்கள் பக்கத்தில் நின்றுபோன வண்டியை எப்படிக் கொண்டுவருவோம் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் முன்னால் அவளுடைய வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் என் பைக்கில் வந்துகொண்டே அவள் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். பதினோரு கிலோமீட்டர். பேசிக்கொண்டே வந்தோம்.

"கால் வலிக்கலையாங்க?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டாள்.

"நீ முன்னால பாத்து ஓட்டு" என்றேன்.

"நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது; ஆனால் உண்மையை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் ஒன்பது வருடத்தில் அந்தப் பதினோரு கிலோமீட்டர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குப் பிறகு அந்த மாதத்தில் மட்டும் ஆறு முறை அப்படித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். என் வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. அவள் அதற்குத் தேங்காய் எண்ணெய் சூடு செய்து தடவிவிட்டாள்.

அவளுக்கு எதையும் அளந்து பார்த்துத்தான் பழக்கம். பிரஷர் எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதிவைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு அரியலூரில் மின்சார வண்டிகளைப் பழுது பார்க்கும் உத்திராபதி அண்ணனிடம் போகலாம் என்றாள். சரி என்றேன். நானே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

உத்திராபதி அண்ணன் நேர்மையான தொழில்காரர். பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு வரிசையாக மீட்டர் வைத்துப் பார்த்து, ஒன்பதாவது வரிசையில் விரலை வைத்தார்.

"தகடு நாலு ஒடிஞ்சு போயிருக்கும்மா. நம்ம ரோடு அப்படி. குலுங்கிக் குலுங்கியே அத்துப்போச்சு."

"ஒரே வரிசையில நாலும் எப்படிங்கண்ணே ஒடியும்?" என்று கேட்டாள் பரிமளா.

அவர் தலையைச் சொறிந்தார். நான்தான் பதில் சொன்னேன். "ஒரு பக்கம் பலவீனமானா பாரம் பூராவும் அங்கதான் ஏறும்" என்றேன். அது தப்பான பதில் இல்லை.

தகட்டை மறுபடி ஒட்டித் தருவதாக அவர் சொன்னார். எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. ஒட்டியதை மறுபடி ஒடிப்பது சுலபம். ஆனால் பரிமளா நோட்டை மூடிவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

"ஒட்டுப் போடுற வேலையெல்லாம் வேணாம்ண்ணே. புதுசா, பெருசா ஒண்ணு போடுங்க. பெரம்பலூர் போயிட்டு அன்னைக்கே திரும்பி வர்ற மாதிரி."

"பெரம்பலூர்ல என்ன?" என்றேன்.

"அண்ணன் வூடு இருக்குல்லங்க. அப்புறம் அங்க ஒரு ஆஸ்பத்திரியில என் வேலையையே பெருசா பண்ற மாதிரி ஒண்ணு இருக்காம். இருபது பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்து, மேல்பார்வை பாக்கணும். சும்மா கேட்டு வச்சிருக்கேன்."

அவளுடைய அண்ணன் பரணிதரன் பெரம்பலூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான். அவளை எனக்குக் கட்டிக் கொடுத்ததே அவர்தான்.

புதுப் பேட்டரி வந்தது. நூற்று இருபது கிலோமீட்டர். கடைக்குப் போய் வட்டம் போட்டுப் பார்த்தேன். காம்பஸ் அவ்வளவு விரியவில்லை. நூலில் பென்சிலைக் கட்டித்தான் போட வேண்டியிருந்தது. வட்டத்துக்குள் பெரம்பலூர் வந்துவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் பத்துக் கிலோமீட்டர் மிச்சம் இருந்தது.

இந்த முறை பழைய வழி உதவாது என்று எனக்குத் தெரியும். ஒரே வரிசை இளைத்திருந்தால் உத்திராபதி அண்ணன் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். யோசித்துப் பார்த்தேன். எல்லா வரிசையும் ஒரே அளவில் இளைத்தால் எந்த மீட்டரும் குறை சொல்லாது. புதுப் பேட்டரியில் வரிசைக்குப் பன்னிரண்டு செல். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு செல்லை எடுத்தால், பதினாறு செல் வெளியே வரும், பத்துக் கிலோமீட்டர் குறையும். தொழில்முறையில் பார்த்தால் இது மிகவும் சுத்தமான வேலை. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் மூன்று பேர் இருந்தால் அதிகம்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பரிமளா தினமும் அதைக் கையால் தூக்குகிறவள். பதினாறு செல் போனால் முக்கால் கிலோ குறையும். இரண்டாவது தடவை எடுத்தால் ஒன்றரைக் கிலோ. அவளுக்குத் தெரிந்துவிடும். மணல் போட்டால் கொட்டும். இரும்பு போட்டால் ஆபத்து. கடைசியில் கல்லுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டிய இடங்களில் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். அந்த நத்தைகள் உருண்டையாக, கைக்கு அடக்கமாக, செல் எடுத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தன. தராசில் நிறுத்து, ஸ்பாஞ்சில் சுற்றி, ஆடாமல் டேப் ஒட்டி வைத்தேன். குலுக்கினால் ஒரு சத்தம் வராது.

எடுத்த செல்களை வீணாக்கவில்லை. எங்கள் கல்யாண நாளுக்கு அவற்றை வைத்து ஒரு ஃபேன் செய்து கொடுத்தேன். கரண்ட் போனால் ஐந்து மணி நேரம் ஓடும். பரிமளாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்து வீட்டு ஆண்டாயியைக் கூப்பிட்டு, "எங்க வூட்டுக்காரரு அவரு கையால செஞ்சது" என்று காட்டினாள். அவள் போக வேண்டிய கிலோமீட்டர்கள் எங்கள் கூடத்தில் சுழன்றுகொண்டிருந்தன. காற்று நன்றாகத்தான் வந்தது.

ஆறு ஞாயிற்றுக்கிழமை போனதும் நூற்று இருபது அறுபதானது. அவள் மறுபடி உத்திராபதி அண்ணனிடம் போனாள். நானும் உடன் போனேன். பெட்டியைத் திறக்காமலே வெளியே வரும் வயரில் மீட்டரை மாட்டிப் பார்த்தார். பதினாறு வரிசையும் ஒரே எண்ணைக் காட்டின. மனிதர் அசந்துபோனார்.

"இந்த மாதிரி ஒத்துமையா இருக்குற பேட்டரிய நான் என் சர்வீசுலயே பாத்ததில்லம்மா. இதுல ஒரு கொறையும் இல்ல."

"பின்ன ஏண்ணே பாதிதான் ஓடுது?"

"பாரம் கீரம் அதிகமா இருக்கா?" என்று கேட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பரிமளா அதை மனதில் வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து டயரில் காற்றைத் தினமும் பார்த்தாள். பையில் கூடுதலாக வைத்திருந்த பிரஷர் மெஷினை எடுத்துவைத்தாள். தண்ணீர் பாட்டிலைப் பாதியாக்கினாள். வண்டியில் இருந்த இரும்புக் கூடையைக் கழற்றினாள். கோயிலுக்குப் போய் வண்டியின் பெயரில் அர்ச்சனை செய்தாள். குருக்கள் நட்சத்திரம் கேட்டதற்கு, வாங்கிய நாளைச் சொன்னாளாம், அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து அவிட்டம் என்றாராம். அப்படியும் கூடுதலாக ஓடவில்லை. ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று, "நான்தான் குண்டாயிட்டேனாங்க?" என்று கேட்டாள்.

அவள் குண்டெல்லாம் இல்லை. ஐம்பத்தெட்டுக் கிலோ. ஆனால் நான் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, "பேட்டரி வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குதான்" என்றேன்.

அன்று முதல் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டாள். காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி. நாற்பது நாளில் ஒன்பது கிலோ இறங்கினாள். கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள். அவள் மெலிய மெலிய நோட்டில் எண் ஏறவில்லை, ஏனென்றால் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் ஈடுகட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நான்கு செல்லுக்குப் பதில் கடையில் கிடந்த இளைத்த செல்லை வைத்தேன், அவ்வளவுதான். அது பெரிய விஷயம் இல்லை.

பிறகு பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நேர்முகம். வேலை கிடைத்தால் வாரத்தில் ஐந்து நாள் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு, சனி ஞாயிறு ஊருக்கு வருவதாக அவள் சொன்னாள். அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அரியலூர் வரைக்கும் ஸ்கூட்டரில் போய், வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து பஸ் பிடிப்பதாகத் திட்டம். எங்கள் ஊரிலிருந்து நேராக பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊருக்குக் காலை பஸ் வருவது நிச்சயம் இல்லை. அவள் ஸ்கூட்டரைத்தான் நம்பினாள்.

சனிக்கிழமை என் பைக்கில் அந்தப் பாதையை அளந்து பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து சரியாக இருபது கிலோமீட்டரில், அரியலூர் புறவழிச்சாலைச் சந்திப்புக்கு முன்னால், புளியமரத்தடியில் ஒரு டீக்கடை இருக்கிறது. பெஞ்ச் இருக்கிறது. நிழல் இருக்கிறது. டீக்கடைக்கார அம்மாள் தன்மையானவர். வண்டி அங்கே நின்றால் அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. உட்கார்ந்து எனக்குப் போன் செய்வாள், நான் போய்த் தள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். நேர்முகம் மட்டும் தவறிப்போகும். ஞாயிறு மத்தியானம் வரிசைக்கு இரண்டு செல் மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் எடுத்தேன். பெட்டிக்குள் மொத்தம் ஏழரைக் கிலோ கல். மேடம், ஒரு மனிதன் தன் மனைவி எந்த நிழலில் நிற்க வேண்டும் என்பது வரைக்கும் யோசித்திருக்கிறான். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை நான் முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டேன். எட்டரை மணிக்கு அவள் நல்ல பட்டுச்சேலையில் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"என்னங்க, வூட்டுலேருந்து இங்க வர்றதுக்குள்ள அறுபதுக்கு எறங்கிட்டுது. என்னன்னு பாருங்களேன்."

நான் வெளியே வந்து, இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.

"காத்து இருக்கு. மீட்டர்தான் தப்பா காட்டுது. நீ போ."

"பஸ்ஸு ஒண்ணு வருது பாருங்க. வண்டிய இங்கயே வுட்டுட்டு அதுல போயிடவா?"

கடைத்தெரு முனையில் அரியலூர் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. ஏறியிருந்தால் ஒன்பதுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருப்பாள். "கூட்டத்துல சேல கசங்கும்" என்றேன். அவள் சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "அதுவும் சரிதான். போயிட்டு வரேங்க" என்றாள்.

அவள் போனதும் கடையைப் பாதி சாத்தினேன். ஒரு பாட்டிலில் நன்னாரி சர்பத் கலக்கி, ஐஸ் போட்டு, துணி சுற்றி பைக்கில் மாட்டினேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதுக்குச் சற்று முன்னால் மணி அடித்தது. அவள் எண் இல்லை.

வண்டி டீக்கடையில் நிற்கவில்லை. அதைத் தாண்டி இன்னும் ஐந்நூறு மீட்டர் ஓடியிருக்கிறது. காரணம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. அவசரத்தில் என் கணக்கைப் பழைய ஐம்பத்தெட்டுக் கிலோவுக்கே போட்டிருந்தேன். அவள் நாற்பத்தொன்பது கிலோ இருந்தாள். கூடை இல்லை, கொலுசு இல்லை. அந்தக் குறைந்த பாரம் வண்டியை ஐந்நூறு மீட்டர் கூடுதலாக இழுத்துக்கொண்டு போய்ச் சந்திப்பின் நட்டநடுவில் நிறுத்தியிருக்கிறது. சாலையைக் கடக்கும்போது சட்டென்று நின்றுவிட்டது. பக்கவாட்டில் ரெட்டிபாளையத்திலிருந்து சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி வந்தது.

ஓட்டியவர் பெயர் அரியமுத்து. பிரேக்கின் மேல் ஏறி நின்றிருக்கிறார். தார்ச்சாலையில் நாற்பதடிக்கு டயர்த் தடம் இருந்தது. அதனால்தான் பரிமளாவுக்கு உயிர் இருக்கிறது. இடது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது, இடுப்பில் அடி.

இனி எழுதப்போவதும் என் வாயால் நடந்ததுதான். ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் ஏட்டு என்னிடம் கேட்டபோது, லாரி கண்மண் தெரியாமல் வந்ததாகச் சொன்னேன். நான் அந்த இடத்திலேயே இல்லை. ஆனால் லாரிகள் பொதுவாக அப்படித்தான் வருகின்றன. அரியமுத்து பதினோரு நாள் உள்ளே இருந்தார். அவருடைய மனைவி மணிமொழி தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து பரிமளாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார்கள். சண்டை போட வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். "தாயி, வண்டி தானா நின்னுச்சா, நீ நிறுத்துனியா? அத மட்டும் சொல்லு."

தானாகத்தான் நின்றது என்று பரிமளா சொன்னாள். பிரஷர் நோட்டை வரவழைத்து அதன் பின்பக்கத்தை உங்களிடம் காட்டியதும் அவள்தான். அப்படித்தான் உத்திராபதி அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்தார்.

அந்தச் சாயங்காலம் நீங்களும் இருந்தீர்கள். நானும் பரணிதரனும் வேப்பமரத்தடியில் நின்றோம். உத்திராபதி அண்ணன் பெஞ்சில் துணியை விரித்து, பெட்டியின் பதினெட்டுத் திருகாணியையும் கழற்றி, மூடியைத் தூக்கினார். பிறகு டேப்பைக் கிழித்து, ஸ்பாஞ்சைப் பிரித்து, ஒரு கல் நத்தையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சிங்காரவேலு, என்ன தம்பி இது? நத்தையாட்டம் இருக்கு."

ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். சில உருண்டு கீழே விழுந்தன. ஒரு ஏட்டு குனிந்து பொறுக்கிக்கொடுத்தார். யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். உத்திராபதி அண்ணன் மிச்சம் இருந்த செல்களை விரலால் எண்ணினார். வரிசைக்கு இரண்டு. பதினாறு வரிசையிலும் இரண்டிரண்டு. "இவ்வளவு சுத்தமா வேலை செய்யத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்று அவர் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில்கூட அதை ஒரு பாராட்டாகத்தான் என் காது கேட்டது.

பரணிதரன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டு, எதிரில் இருப்பதை அப்படியே சொன்னார். பிறகு ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினார். "பேசுங்க மாப்ள" என்றார்.

"என்னங்க" என்றாள் பரிமளா. அப்போதும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"சொல்லு."

"மொத்தமா எத்தன கிலோமீட்டர் எடுத்தீங்க?"

"பழசுல நாப்பது. புதுசுல நூறு."

"நூத்தி நாப்பது."

"ஆமா."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை அழுதது. பிறகு அவள் சொன்னாள்:

"நான் சோத்தக் கொறச்சேங்க."

"இனிமே நல்லா சாப்பிடு" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆகவே முழுவதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேட்டரியையும் கெடுத்தது நான். கல்லை வைத்தது நான். அரியமுத்துவின் மேல் பொய் சொன்னது நான். அவருடைய பிரேக் நல்ல பிரேக். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன். தண்டனை எதுவாக இருந்தாலும் சரி. எனக்கு இப்போது கோபமோ வருத்தமோ எவர்மேலும் இல்லை.

பரிமளா பெரம்பலூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்காக வேலையை வைத்திருக்கிறார்களாம். பரணிதரன் அவளுக்குப் புது ஸ்கூட்டர் எடுத்து நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு சார்ஜில் நூற்று ஐம்பது போகுமாம். அந்தக் கடையில் யாரிடம் விசாரித்து எடுத்தார்களோ தெரியவில்லை. அந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பாத்திரம் விற்கிறவர்கள். பேட்டரி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது, மேடம். ஒரு மணி நேரம் போதும். கூடவே ஒரு போலீஸ்காரரை அனுப்பினாலும் சரி. நான் போய் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.